எழுப்பும் ஊசி

மோனிஷா அந்தத் தாளை மேசைமேல் வைத்து அமுதினியின் பக்கம் திருப்பியபோதுகூட அவள் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். பதினோரு வாரக் கர்ப்பிணியைப் பார்த்தால் சிரிக்க வேண்டும் என்பது கருவூலம் மகப்பேறு மையத்தின் எழுதாத சட்டம். ஆறு வருடமாக அங்கே ஆலோசகராக இருந்ததில் அந்தச் சிரிப்பு தானாகவே வந்து முகத்தில் உட்கார்ந்துகொள்ளும்.

"இது என்னன்னு பாருங்க அமுதினி. எங்க நாத்தனார் ஈரோட்டுல லேப் வெச்சிருக்காங்க. சும்மா ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துப் பாக்கலாம்னாங்க. குழந்தை நல்லா இருக்குன்னு வந்திருக்கு. கடைசி வரியில மட்டும் ஏதோ உளறல்."

அமுதினி கடைசி வரியைப் படித்தாள். 'கருவின் மரபணு தாயின் மரபணுவோடு பொருந்தவில்லை. கருமுட்டை கொடையாகப் பெறப்பட்டதா எனக் கேட்டு உறுதிசெய்யவும்.'

"மெஷின்ல ஏதாவது கோளாறா இருக்கும்."

"அதையேதான் நானும் சொன்னேன். ரெண்டாவது தடவையும் ரத்தம் எடுத்தாங்க. அதே வரி."

மோனிஷாவுக்கு நாற்பத்து மூன்று வயது. சரவணம்பட்டியில் தொள்ளாயிரம் பெண்கள் வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் நிறுவனத்தின் மனிதவளத் தலைவி. இருபத்தாறு வயதில், தமிழ்நாட்டில் முதன்முதலாக 'நித்திரை' வைத்துக்கொண்டவர்களில் ஒருத்தி. அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

நித்திரை என்பது அரிசிமணி அளவுக்கு ஒரு சின்னக் குச்சி. மேல்கையில் தோலுக்கு அடியில் செருகிவிட்டால் சினைப்பை தூங்கப் போய்விடும். மாதவிலக்கு நின்றுவிடும், கருமுட்டைகளுக்கு வயதாகாது. படித்து, வேலைக்குப் போய், பதவி உயர்ந்து, வீடு வாங்கி, நிதானமாக நாற்பதில் குச்சியை எடுத்துவிட்டு மூன்று வாரம் எழுப்பும் ஊசி போட்டுக்கொண்டால் போதும், இருபத்தைந்து வயது முட்டைகள் கண் விழிக்கும். அவற்றை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கி வயிற்றில் வைத்துவிடுவார்கள். நித்திரை வந்தபிறகு இருபத்தெட்டில் பிள்ளை பெறுகிறவளை ஊர் பொறுப்பில்லாதவள் என்றது. கம்பெனிகள் புதிதாகச் சேரும் பெண்களைத் தங்கள் செலவிலேயே வேன் வைத்து அனுப்பின. கல்யாண வீடுகளில் "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்டுக்கொண்டிருந்த வாய்கள் "எழுப்பியாச்சா?" என்று கேட்கப் பழகிக்கொண்டன.

கருவூலத்தில் எழுப்பினால் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேருக்குக் குழந்தை நிச்சயம். கரு தங்கியது உறுதியானதும் அந்தப் பெண் வரவேற்பறையில் இருக்கும் வெண்கல மணியை அடிப்பாள், எல்லோரும் கைதட்டுவார்கள், அமுதினி லட்டு கொடுப்பாள். மோனிஷாவுக்கும் கொடுத்திருந்தாள்.

"நான் லேப்ல கேட்டுச் சொல்றேன். நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க," என்றாள். அப்போது அதை நம்பித்தான் சொன்னாள்.

*

ஆய்வகத் தலைவன் ஜோஷ்வா உணவறையில் முட்டை பரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நல்லவன் என்று பெயரெடுத்தவன், யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் முதலில் வாழ்த்துகிறவன். தாளைப் பார்த்ததும் ஒரு கணம் மென்றுகொண்டிருந்ததை நிறுத்தினான். பிறகு மறுபடியும் மென்றான்.

"உங்களுக்கு நெசமாவே தெரியாதா மேடம்? தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருக்கீங்கன்னுல்ல நாங்க நெனச்சோம்."

"என்ன தெரியாது?"

"தூங்கினது எல்லாம் எழும்பும்னு யாரு சொன்னா? பத்து வருஷம் வரைக்கும் ஒழுங்கா எழும்புது. பதினஞ்சு தாண்டிட்டா பத்துப் பேர்ல நாலு பேருக்கு எழும்பறதே இல்ல. முட்டை இருக்கும். வெளிய எடுத்துப் பாத்தா எல்லாம் கூமுட்டை." பரோட்டாவைச் சால்னாவில் தோய்த்தான். "ரெண்டு வருஷமா இப்படித்தான். மொதல் மொதல்ல வெச்சுக்கிட்டவங்க எல்லாம் இப்பத்தானே வர்றாங்க?"

"அப்ப தொண்ணூத்தேழுன்னு..."

"தொண்ணூத்தேழு பேருக்குக் குழந்தைன்னுதானே போர்டு வெச்சிருக்கோம்? அவங்க முட்டையிலன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

அமுதினி தாளை அவன் பக்கம் தள்ளினாள். "வேற யாரோட முட்டை?"

"சின்னப் பொண்ணுங்களுக்கு நித்திரை வைக்கறதுக்கு முன்னாடி பத்து நாள் வைட்டமின் ஊசி போடறோம்ல? அது வைட்டமின் இல்ல மேடம், முட்டையைப் பழுக்க வைக்கிற ஊசி. தரம் பாக்கணும்னு சொல்லி மாதிரி எடுக்கிறோம். பதினஞ்சு, இருவது கூட வரும். ரெண்டை வெச்சுத் தரம் பாத்துட்டு மிச்சத்தை என்ன, கொட்டவா முடியும்?" சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். தப்பை மறைக்கிறவன்போல இல்லை, நல்ல சேதி சொல்கிறவன்போல. "சும்மா எதையும் தூக்கி வைக்கறதில்ல. நிறம், ரத்த வகை எல்லாம் பொருத்தித்தான். ஜாதிகூடப் பாத்துத்தான். டாக்டர் அதுல ரொம்பக் கறார். ஒரே பக்கத்து ஆளுங்களா இருந்தா முகஜாடை ஒத்துப்போகும், யாருக்கும் சந்தேகம் வராது பாருங்க."

தட்டில் எண்ணெய் மஞ்சளாகத் தேங்கியிருந்தது. அமுதினி எழுந்தாள்.

"மேடம், நீங்களும் வெச்சுப் பதினாலு வருஷம் ஆச்சுல்ல? தள்ளிப் போடாதீங்க," என்றான் ஜோஷ்வா, உண்மையான அக்கறையோடு.

*

மையத்தை நடத்தும் டாக்டர் ரகுவரன் கோபப்படவில்லை. ஈரத்தாளால் விரல் விரலாகத் துடைத்துக்கொண்டே அவள் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"அந்தம்மா என்ன கேட்டு வந்தாங்க? குழந்தை. குடுத்தாச்சு. இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

"அவங்களோட குழந்தை இல்லையே சார்."

"பத்து மாசம் சுமந்து பெத்தா அவங்க குழந்தைதான். சரி, நீங்க சொல்ற மாதிரியே பண்ணலாம். கூப்பிட்டு, 'உன் உடம்பு எழும்பலம்மா, நாங்க சொன்னதை நம்பி வயசைத் தொலைச்சிட்டே'ன்னு சொல்லிடலாமா? மாமியார் என்ன பேசுவாங்க, சொந்தக்காரங்க என்ன பேர் வைப்பாங்க, உங்களுக்குத் தெரியாதா? நூறு வருஷம் ஆனாலும் நம்ம ஊர்ல அந்த ஒரு வார்த்தை சாகாது. அந்த வார்த்தையிலேருந்து நான் அவங்களைக் காப்பாத்திட்டிருக்கேன்."

"நித்திரை வைக்க வர்ற பொண்ணுங்ககிட்டயாவது சொல்லலாமே சார். பத்து வருஷத்துக்கு மேல வேண்டாம்னு."

அவர் முதன்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னா எந்தப் பொண்ணு வருவா? எந்தக் கம்பெனி வேன் வெச்சு அனுப்பும்?" கசக்கிய ஈரத்தாளைக் கூடையில் போட்டார். "மெஷின் கோளாறுன்னு மோனிஷாகிட்டச் சொல்லிடுங்க. உங்க வாயால சொன்னா நம்புவாங்க. அதுக்குத்தானே உங்களை வெச்சிருக்கோம்."

அந்த அறையிலும், தாழ்வாரத்திலும், கழிப்பறையிலும்கூட எலுமிச்சைப்புல் வாசனை அடிக்கும்படி வைத்திருந்தார்கள். ஆறு வருடமாக அவளுக்குப் பிடித்த வாசனை. இன்றைக்கு அது ஏதோ அழுகியதை மூடி வைத்த வாசனையாகத் தொண்டையில் இறங்கியது. முகம் கழுவப் போனாள். கண்ணாடியில் அந்தச் சிரிப்பு இன்னும் பாதி மிச்சமிருந்தது. தண்ணீரை அள்ளி அடித்துத் தேய்த்தாள்.

அன்று மாலையே மோனிஷாவின் கோப்பைத் திறந்தாள். உள்ளே வைத்த கருவுக்கு எதிரே முட்டை மாதிரியின் எண் ஒன்று இருந்தது. அந்த எண்ணைத் தேடினால் ஒரு பெயர். நறுமுகை, வயது இருபத்து நான்கு, சொந்த ஊர் அந்தியூர். ஒன்றரை வருடத்துக்கு முன் வேலையில் சேர்ந்த மாதமே நித்திரை வைத்துக்கொண்டவள். சேர்ந்த நிறுவனத்தின் பெயரைப் படித்ததும் அமுதினி நாற்காலியைப் பின்னால் தள்ளினாள். அது மோனிஷாவின் நிறுவனம்.

*

அமுதினி மோனிஷாவின் வீட்டுக்கே போய்ச் சொன்னாள். கணவர் ஊரில் இல்லை. மோனிஷா கடைசிவரை கேட்டாள். பிறகு எழுந்து போய் வாந்தியெடுத்தாள். திரும்பி வந்தவளின் முகத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரோடது?"

சொல்லியிருக்கக் கூடாது. அதற்குப் பிறகு எத்தனையோ நாள் அமுதினி அதை நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டிருக்கிறாள். ஆனால் அந்த நேரத்தில், ஏமாற்றப்பட்ட ஒருத்தியிடம் பாதி உண்மையை மட்டும் கொடுப்பது இன்னொரு ஏமாற்று என்று தோன்றியது. நறுமுகை கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவத்தை எடுத்து நீட்டினாள். பதினாலாம் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வரி: 'பரிசோதனைக்கு எடுக்கப்படும் மாதிரிகளை மையம் தன் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ளலாம்.'

மோனிஷா அந்த வரிமேல் விரலை வைத்தாள்.

"எங்க கம்பெனிப் பொண்ணுங்களுக்கு இந்தப் படிவத்தைச் சரிபாத்துக் குடுத்தது நான்தான்."

"இந்த வரியைப் படிச்சீங்களா?"

"படிச்சேன். படிக்காம இல்ல." படிவத்தைத் தள்ளி வைத்தாள். "என்னமோ ஆராய்ச்சிக்குப் போகும்னு நெனச்சேன். போனாப் போகுது, அதுங்களுக்கு என்ன தெரியவா போகுதுன்னு விட்டுட்டேன்."

அவள் அழுதாள். அமுதினி பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தாள். இவள் சும்மா இருக்கமாட்டாள், தொள்ளாயிரம் பெண்களுக்கும் சொல்லிவிடுவாள் என்று நினைத்தாள். கனமான ஒன்றை இறக்கி வைத்த மாதிரி இருந்தது.

ஒன்பதாம் நாள் மோனிஷா கருவூலத்துக்கு வந்தாள். பச்சைப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. கதவை மூடிவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"டாக்டர்கிட்டப் பேசிட்டேன் அமுதினி. அவரு சொல்றதுலயும் நியாயம் இருக்கு. இவருகிட்டச் சொல்லி, அத்தைகிட்டச் சொல்லி, என்ன ஆகப் போகுது? நாத்தனாருக்கு மெஷின் கோளாறுன்னு உங்க ஆஸ்பத்திரியிலேருந்தே லெட்டர் குடுத்துட்டாங்க."

"அந்தப் பொண்ணு?"

"நானும் ராத்திரியெல்லாம் தூங்கலைங்க, யோசிச்சுப் பாத்தேன். அவளுக்கு இதனால ஒண்ணும் கொறஞ்சுடல. விசாரிச்சேன், எங்க ஆளுங்கதான். நல்ல குடும்பம்." மோனிஷா முன்னால் குனிந்தாள். கண்களில் கூச்சமும் ஆசையும் கலந்து மின்னின, நகைக்கடையில் கை நீட்டுகிறவள்போல. "ஒரே ஒரு விஷயம் உங்களால முடியுமான்னு கேக்கத்தான் வந்தேன். அவளோடது இன்னும் மிச்சம் வெச்சிருப்பாங்கல்ல? ரெண்டாவதுக்கும் அதையே எடுத்து வைக்கச் சொல்லுங்களேன். அண்ணன் தங்கச்சின்னா ஒரே ஜாடையா இருக்கணும் பாருங்க."

மல்லிகையும் எலுமிச்சைப்புல்லும் சேர்ந்து மூக்கை அடைத்தன. அமுதினி எழுந்து மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"உடம்பு சரியில்லையா?" என்றாள் மோனிஷா.

"ஆமாம். வெளிய போங்க."

"என்னது?"

"வெளிய போங்கன்னு சொன்னேன்."

*

நறுமுகையை அமுதினி மறுநாள் மத்தியானம் அவளுடைய அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜூஸ் கடையில் சந்தித்தாள். நித்திரை தொடர்பாகப் பேச வேண்டும் என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். மெலிந்த உடம்பு, நீளப் பின்னல், பேசும்போது கையையும் சேர்த்து ஆட்டும் பழக்கம். அமுதினி வாயைத் திறக்கும் முன்பே அவள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"கையெல்லாம் நல்லாத்தானுங்க்கா இருக்குது, ஒரு தொந்தரவும் இல்ல. இப்பத்தான் எங்க எச்.ஆர். மேடமும் இதையேதான் விசாரிச்சாங்க. போன வாரம் ரூமுக்கே கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினாங்க. எங்கூட்டுல யாருக்காச்சும் சர்க்கரை இருக்குதா, அப்புச்சி எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க, சின்ன வயசுல நான் எப்ப நடந்தேன், எல்லாம் கேட்டாங்க. முடி சொந்த முடிதானான்னு பின்னலைப் புடிச்சுப் பாத்தாங்க. சிரின்னு சொல்லிப் பல்லைப் பாத்தாங்க." நறுமுகை சிரித்தாள். "எங்க ஊர்ச் சந்தையில மாட்டைப் பாக்கற மாதிரியே இருந்துச்சுங்க்கா. ஆனா அக்கறையாத்தான் கேக்கறாங்கன்னு நெனச்சேன். டீம் லீடர் ஆக்கப் போறாங்களோன்னு கூட்டாளிககிட்ட எல்லாம் சொல்லி வெச்சுட்டேன்."

அமுதினி எல்லாவற்றையும் சொன்னாள். வைட்டமின் ஊசியை, மாதிரியை, எழும்பாத நாற்பது வயதுக்காரிகளை. பெயரைச் சொல்லாமல்தான் சொன்னாள். அவசியமிருக்கவில்லை. பாதியிலேயே நறுமுகையின் கை பின்னலைத் தேடிப்போய் இறுகப் பிடித்துக்கொண்டது.

"மேடத்து வயித்துலயா?"

அமுதினி கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

அந்தப் பெண் கத்தவில்லை, அழவில்லை. ஜூஸ் டம்ளரைத் தள்ளி வைத்தாள். யாரோ எச்சில் செய்ததைத் தெரியாமல் குடித்துவிட்டவள்போலப் புறங்கையால் வாயைத் துடைத்தாள், மறுபடி மறுபடி துடைத்தாள்.

"எத்தனை எடுத்தாங்க?"

"பதினெட்டு."

"மிச்சத்தை இன்னும் யார் யாருக்கு வெச்சாங்க?"

"இன்னும் ரெண்டு பேருக்கு. அவங்க பேர் எனக்குத் தெரியும். ஆனா அவங்களுக்கு இந்த விஷயம் தெரியாது."

நறுமுகை மேல்கையில் குச்சி இருந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள். தோல் சிவந்துவிட்டது. "அக்கா, இது எனக்கு வேண்டாம். இப்பவே எடுத்துடலாம். எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க."

அரசு மருத்துவமனைக்குப் போனார்கள். அங்கே இருந்த பெண் மருத்துவருக்குப் பேச நேரமில்லை. வெளியே வரிசை நின்றது. மரத்துப்போக ஊசி போட்டு, சின்னதாகக் கீறி, இடுக்கியால் குச்சியை எடுத்து எஃகுத் தட்டில் போட்டார். டிங் என்று சத்தம் கேட்டது. "அடுத்து யாரு?" என்றார். அமுதினி தன் ஜாக்கெட் கையை மேலே ஏற்றினாள்.

இரண்டு குச்சிகளும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. நறுமுகையுடையது வெள்ளையாக, அமுதினியுடையது பழுப்பேறி.

*

அதற்குப் பிறகு நடந்ததில் அமுதினி எதிர்பார்த்தது எதுவும் இல்லை. புகார் கொடுத்தார்கள். விசாரணைக் குழு அமைத்தார்கள். குழு பதினாலாம் பக்கத்தைப் படித்துவிட்டு, கையெழுத்து இருக்கிறதே என்றது. மோனிஷா குழுவின் முன்னால் வந்து, குழந்தை தன்னுடையதுதான், தனக்கு எந்தக் குறையும் இல்லை என்று எழுதிக் கொடுத்தாள். அமுதினி பெயர் சொல்லிக் காட்டிய மற்ற இரண்டு பெண்களில் ஒருத்தி அவள் மேலேயே வழக்குப் போடுவேன் என்றாள். இன்னொருத்தி போனை எடுக்கவே இல்லை. ஜோஷ்வா தனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னான். சொல்லிவிட்டு அமுதினியின் பிறந்தநாளுக்கு மறக்காமல் வாழ்த்து அனுப்பினான். கருவூலம் ஒரு மாதம் மூடியிருந்து, பெயரை மாற்றிக்கொண்டு, அதே கட்டடத்தில் அதே வெண்கல மணியோடு திறந்தது.

வேலை போனது. நாக்கூசாமல் பொய் சொல்லத் தேவையில்லாத இடமாகப் பார்த்து, ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் சேர்ந்தாள். குச்சியை எடுத்து மூன்று மாதம் ஆகியும் அவளுக்கு மாதவிலக்கு வரவில்லை. எழுப்பும் ஊசி போட்டுப் பார்க்கலாம் என்று அரசு மருத்துவர் சொன்னார். பார்த்தாள். அதற்கும் வரவில்லை. பதினாலு வருடம் தூங்கியது தூங்கியே போய்விட்டது. அதை அவள் யாரிடமும் சொல்லி அழவில்லை. யாருடைய முட்டையையும் எடுத்து வைத்துக்கொள்ளும் யோசனையும் வரவில்லை. கடையில் எலுமிச்சைப்புல் வாசனைச் சோப்பைக் கண்டால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

குச்சியை எடுத்த நாலாம் மாதம், ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு நறுமுகையிடமிருந்து போன் வந்தது. அவள் இன்னும் அதே நிறுவனத்தில்தான் இருந்தாள். வேலையை விட்டுவிடு என்று அமுதினி சொன்னதற்கு, "நான் எதுக்குங்க்கா போகோணும்? அவங்க என்னைத் தெனமும் பாக்கட்டும்," என்று சொல்லியிருந்தாள். இப்போது குரல் கிசுகிசுப்பாக வந்தது.

"அக்கா, வந்துடுச்சு."

"என்ன வந்துடுச்சு?"

"அதுதானுங்க்கா. பாத்ரூம்லதான் இருக்கறேன். சுடிதார் எல்லாம் ஆயிடுச்சு." சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. "இங்க ஒருத்திகிட்டயும் பேடு இல்ல. தொள்ளாயிரம் பேரு இருக்கறோம், ஒரே ஒரு பேடு இல்லீங்க்கா. முன்ன இங்க ஒரு மெஷின் இருந்துச்சாம், காசு போட்டா வரும்னு சொல்றாங்க. யாருக்கும் தேவைப்படலேன்னு கழட்டிப் போட்டுட்டாங்களாம்."

அமுதினி விடுப்புச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தாள். முதல் மருந்துக்கடையில் இல்லை. இரண்டாவதில், "அதெல்லாம் இப்ப யாருங்க வாங்கறாங்க?" என்றான். மூன்றாவதில் விற்பனைப் பெண்ணுக்கு அது என்னவென்றே சட்டென்று பிடிபடவில்லை. கடைசியில், பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்கு எதிரே இருந்த ஒரு சின்ன மளிகைக் கடையில், குச்சி வைக்கும் வயது இன்னும் வராத பிள்ளைகளுக்காக வைத்திருந்தார்கள். இருந்ததில் நாலு பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள்.

நிறுவனத்தின் வாசலில் வண்டியை நிறுத்தியபோது நறுமுகை காவலாளியின் அறைக்குப் பக்கத்தில் காத்திருந்தாள். இடுப்பில் யாருடைய துப்பட்டாவையோ சுற்றியிருந்தாள். கூடவே ஏழெட்டுப் பெண்கள் அவளைச் சுற்றி மறைப்பாக நின்றார்கள். நறுமுகை வாயால் எல்லாம் கேட்டுத் தெரிந்தவர்கள். எல்லோருக்கும் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயதிருக்கும்.

நறுமுகை பையை வாங்கி உள்ளே எட்டிப் பார்த்தாள். "எதுக்குங்க்கா இத்தனை?"

அமுதினி பதில் சொல்வதற்குள் பின்னால் நின்ற ஒருத்தி முன்னால் வந்தாள். குட்டையான பெண், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. ஒரு பாக்கெட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நறுமுகையிடம் கேட்டாள்.

"ரொம்ப வலிக்குதாடி?"

"வலிக்குது," என்றாள் நறுமுகை.

அந்தப் பெண் பாக்கெட்டைத் திரும்ப வைக்கவில்லை. அமுதினியின் பக்கம் திரும்பி, சட்டைக் கையை மேலே சுருட்டினாள்.

"அக்கா, நீங்க வண்டியிலதானே வந்தீங்க? அந்த ஆஸ்பத்திரியில எத்தனை மணி வரைக்கும் சீட்டுக் குடுப்பாங்க?"